உனக்குன்னா ஒரு விலை

எனக்கு வேலை விலை கேட்பது. வாங்குவதில்லை, கேட்பது மட்டும்தான். மாதத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போவேன். எப்போதும் அதே கடைகள், அதே பொருள்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, எண்ணெய், மாவு. "இன்னைக்கு என்ன விலை?" என்று கேட்டு, கடைக்காரர் சொல்வதை அலுவலகம் கொடுத்த போனில் பதிந்துவிட்டு வருவேன். "சந்தையில வாங்காம சும்மா விலை கேக்கறவளை எல்லாரும் திட்டுவாங்க. உனக்கு மட்டும் அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்பார் அண்ணி.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் ஊர் எவ்வளவு திணறுகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிவது என் ஒருத்தி மூலமாகத்தான். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் சந்தைக்கு வரமாட்டார்கள், பையைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசமாட்டார்கள். நான் அனுப்பும் எண்தான் அவர்களுக்கு எங்கள் ஊர். அதனால் அரைக்காசு கூடக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

எங்கள் சந்தையில் விலைப்பலகை கிடையாது. விலை கடைக்காரர் வாயில்தான் இருக்கும். காய்கறிக்கடை சிரிப்பக்கா, எதிரே முட்டைக்காரர், மூலையில் எண்ணெய்க்கடைக்காரர், எல்லாரும் எனக்குப் பல வருஷப் பழக்கம். சிரிப்பக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மழையில் கடைக்கூரை பறந்த அன்றுகூட, "காத்து வாங்கத்தானே கடை போட்டேன்" என்று சிரித்தவர். எனக்கு வேண்டியதையும் நான் அவரிடம்தான் வாங்குவேன். ஆகவே விலை எனக்கு இரண்டு வழியிலும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. உணவுப்பொருள் விலை ஒரு கோட்டைத் தாண்டி ஏறிய ஊர்களில் பொதுச் சாப்பாட்டுக்கூடம் திறப்பார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். அட்டை, சான்று, சிபாரிசு ஒன்றும் வேண்டாம். சில்லறைக் காசு கொடுத்தால் வயிறு நிறையச் சாப்பாடு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரில் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊர் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றுவிட்டது.

பேருந்தில் ஒருவர் இதைப் பற்றிப் பொரிந்துகொண்டிருந்தார். "ஒரே லாரிதான் அங்க பாதி இறக்கிட்டுப் பாலம் தாண்டி இங்க பாதி இறக்குது. அங்க விலை ஏறி இங்க ஏறாமப் போகுமா? கண்ணைக் கட்டிக்கிட்டுக் கணக்கு எடுத்திருப்பானுங்க." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான்தான் எடுத்தேன். ரெண்டு கண்ணும் தொறந்துதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன். கோபத்துக்குக் கால் வலி தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நான் இருப்பது அண்ணன் வீட்டு மாடியில், ஒற்றை அறை, சமையலும் தனி. கீழே அண்ணன், அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள். அண்ணன் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். கிடங்கில் வேலை பாதியானதும் கூலியும் பாதியாகிவிட்டது. அண்ணி துணிப்பட்டறையில் சட்டைக்குக் காலர் தைக்கிறார். என் அறைக்கு வாடகை வாங்கிக்கொள்வாரே தவிர, அதற்கு மேல் ஒரு காசு என் கையிலிருந்து வாங்கமாட்டார்.

ஒருநாள் மதியம் பட்டறையிலிருந்து அண்ணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். தையல் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டதாம். "பித்தம்" என்றார் அண்ணி. வந்தவர்கள் போனதும், தண்ணீரில் சர்க்கரை கலக்கி மடமடவென்று குடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! "அம்மா அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிட்டுருவாங்க" என்றாள் சின்னவள். அடுப்பங்கரையில் பாத்திரங்கள் வழித்துத் துடைத்துக் கிடந்தன. அண்ணியின் தட்டு தூசி படிந்திருந்தது.

"எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"எப்படி?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க."

"மறைக்கறதுக்குச் சோறு வேணும்ல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பர்ஸை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "புருஷனோட தங்கச்சி சம்பளத்துல சாப்பிட்டேன்னா, சாகற வரைக்கும் அது எனக்குத் தொண்டையிலயே நிக்கும்."

"நான் சொல்லிக் காட்டுவேனா அண்ணி?"

"காட்டமாட்டே. அதுதான் இன்னும் கஷ்டம்." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "அக்கரையில தொறந்திருக்காங்களே, அந்த மாதிரி இங்க தொறந்தா போவேன். அங்க எல்லாரும்தான் போறாங்க. காசைக் குடுத்தோமா, வரிசையில நின்னோமா, சாப்பிட்டோமா, வந்தோமான்னு இருக்கும். யாரு பசியில வந்தா, யாரு சும்மா வந்தான்னு எவனுக்குத் தெரியும்?" பிறகு என் கையைப் பிடித்தார். "இது வெளிய ஒரு வார்த்தை போச்சு, உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லக் கூடாது."

சரி என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். நான் விடவில்லை. "ஆனா அண்ணி, நானும் மாசாமாசம் கேக்கறேன், விலை அந்த அளவுக்கு ஏறலையே. உங்களுக்குப் பேரம் பேசத் தெரியலையோ என்னமோ" என்றேன்.

அண்ணி கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து என் மடியில் போட்டார். "இது கிலோ என்ன விலைன்னு சொல்லு பாப்போம்."

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டுக்கு வெங்காயத்தோட தோலு கிடைக்கும். காலைல கிளம்பு, ரெண்டு பேரும் போவோம்."

மறுநாள் காலையில் போனோம். அண்ணி முன்னால் போக, நான் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அண்ணி சிரிப்பக்காவிடம் விலை கேட்டார். பேரம் பேசினார். எனக்கே தெரியாத வித்தையெல்லாம் காட்டினார். போவதுபோல் போய், திரும்பி வந்து, வேறு கடையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு... "நாப்பத்திரெண்டு, அதுக்குக் கீழ கட்டாதும்மா" என்றார் சிரிப்பக்கா. அண்ணி பணத்தைக் கொடுத்தார். உடனே நான் போய் நின்று, "வெங்காயம் என்ன விலைக்கா?" என்றேன்.

"வா தங்கச்சி. இருபத்தெட்டு."

"என்னக்கா இது? இப்பத்தானே அவங்களுக்கு நாப்பத்திரெண்டு சொன்னீங்க?"

"அது ஊருக்கு. நீ ஊரா?"

"அவங்க என் அண்ணி."

"அடக் கடவுளே, அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" சிரிப்பக்கா பதறிப்போய்ப் அதிகமாக வாங்கியதை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா, உனக்கும் இருபத்தெட்டுதான். சொந்தக்காரங்ககிட்டப் போய்..."

அண்ணி வாங்கவில்லை. "நான் ஊராவே இருந்துட்டுப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அவர் ஜெயித்துவிட்டார்.

இத்தனை வருஷமாக நான் அனுப்பியது ஊரின் விலை இல்லை, எனக்கான விலை. வெயிலில் அலைகிற ஒருத்தி மேல் கடைக்காரர்களுக்கு இருந்த பிரியத்தை எண்ணாக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே இருப்பவர்கள் அதைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்து, இந்த ஊருக்கு ஒன்றும் குறையில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் இருந்தது சுரைக்காயே இல்லை.

"நான் வாங்க வரலையேக்கா. கேக்கத்தானே வந்தேன்" என்றேன்.

"கேட்டாலும் நீதானே கேக்கறே? உன் மூஞ்சியைப் பாத்து நாப்பத்திரெண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரலையே."

"கேக்கறது எனக்கு இல்ல. அரசாங்கத்துக்கு."

"அப்பன்னா இன்னும் குறைச்சுல்ல சொல்லணும்? அவ்வளவு பெரிய இடத்துல போய், இவ கடையில இந்த விலைன்னு எழுதிப் போட்டா என் மானம் என்ன ஆகுறது?"

"உங்க பேரு போகாதுக்கா. எண் மட்டும்தான் போகும்."

"எண்ணு போனா பின்னாடியே பேரும் போகும். எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

முட்டைக்காரரிடம் கேட்டேன். அவருக்குப் பயம். உள்ள விலையைச் சொன்னால் சோதனை வரும், அபராதம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அபராதம் போடும் ஆள் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தலையைத் தலையை ஆட்டுவார், மனசுக்குள் போகாது. எண்ணெய்க்கடைக்காரர் கணக்கே வேறு. விலை ஏறிவிட்டது என்று தெரிந்தால் அரசாங்கம் வெளியிலிருந்து எண்ணெயைக் கொண்டுவந்து கொட்டும், தன் பிழைப்பில் மண் விழும் என்று தெளிவாகச் சொன்னார். ஒருவர் பிரியத்தில், ஒருவர் பயத்தில், ஒருவர் விவரத்தில். மூன்று பேருமாகச் சேர்ந்து ஊர் சாப்பாட்டுக்கு மூடி போட்டிருந்தார்கள், மூன்று பேருக்குமே அது தெரியாது.

அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாத எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்க அண்ணி குடுத்த விலையைப் பதிய முடியாது. கணக்கெடுக்கறவங்க வீட்டு ஆள் சொன்ன விலைன்னு தெரிஞ்சா ஊர்க் கணக்கையே தள்ளிடுவாங்க. விக்கறவங்க உங்ககிட்ட வாயால சொன்னாத்தான் அது விலை."

"அப்ப வேற யாரையாவது அனுப்புங்க சார். என் மூஞ்சி தெரியாத ஆளா."

"புது ஆள் எடுக்கத் தடை. சிக்கனம்." அந்த வார்த்தையை அவரும் கசப்பாகத்தான் சொன்னார். "இந்த மாசக் கணக்குதான் கடைசி. இதுல தாண்டலைன்னா நம்ம ஊருக்குக் கூடம் கிடையாது. எப்படியாவது அவங்களைப் பேச வைங்க. எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா."

நான் யோசித்தேன். பிரியம்தான் தடை என்றால் பிரியத்தை முறித்துவிட்டால் போயிற்று. அந்நியரைப்போல் நடத்தினால் அந்நியருக்குச் சொல்லும் விலையைச் சொல்லிவிடுவார்கள். கணக்கு நாளுக்கு முன்பாகவே ஒத்திகைபோல முட்டைக்காரரிடம் போய் வம்பிழுத்தேன். "இது கோழி முட்டையா, புறா முட்டையா? தராசையும் காணோம், மனசாட்சியையும் காணோம்" என்றேன். பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "முட்டை ஒண்ணு இருபது. இஷ்டமிருந்தா வாங்கு, இல்லன்னா நடையைக் கட்டு!" பின்னால் நின்றவருக்கு அதே முட்டையை எட்டுக்குக் கொடுத்தார். பிரியத்தில் ஒரு பொய் என்றால் கோபத்தில் இன்னொரு பொய். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அதற்கு அவர் எனக்கு இரண்டு முட்டையை இனாமாகக் கொடுத்து, என்னிடம் இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் தொலைத்தார்.

கணக்கு நாள் வந்தது. சந்தையில் நல்ல கூட்டம். சிரிப்பக்கா முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெங்காயம் என்ன விலைக்கா?"

"முப்பது. ரெண்டு ஏத்திச் சொல்லியிருக்கேன், போதுமா? இப்ப சந்தோஷமா?"

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான். முப்பது என்று பதிந்தால் எல்லாம் முடிந்தது. அவர் வாயால் சொல்லிவிட்டார், நான் பதிய வேண்டியவள். விரல் எண்ணின் மேலேயே நின்றது. சாப்பாட்டுக்கூடம், கோடு, உத்தரவு என்று இவரிடம் பலதடவை சொல்லியாயிற்று. "அதெல்லாம் நமக்குக் கிடைக்கவா போகுது" என்று சிரித்துவிடுவார். சொல்லாத ஒன்று மட்டும் என்னிடம் மிச்சமிருந்தது.

பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது. பட்டறையில் அண்ணிக்கு அடுத்த மெஷின். அன்று அண்ணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டவளும் அவள்தான். இப்போது நான் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்தேதான் திறந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நாப்பத்திரெண்டு குடுத்துட்டுப் போனாங்களே என் அண்ணி, அவங்க சாப்பிடறதில்ல. பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு, நின்னுக்கிட்டே சாப்பிட்டதா பொய் சொல்லிட்டு, பட்டினியா வேலைக்குப் போறாங்க. மெஷின் மேலயே மயங்கி விழுந்தாங்க. பித்தமாம்! நீங்க எனக்கு இருபத்தெட்டுன்னு சொல்றீங்க, நான் இருபத்தெட்டுன்னு எழுதறேன், அதைப் பாத்துட்டு மேல இருக்கறவங்க இந்த ஊர்ல எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடறாங்கன்னு நெனச்சுக்கறாங்க. எனக்குக் குறைச்சு சொல்றது என் மேல இருக்கற பாசம்னா, அந்தப் பாசம் எனக்கு வேண்டாம்க்கா. என் அண்ணி வயித்துல அடிக்குது அது."

எனக்கு மெதுவாகப் பேச வராது. சந்தையே கேட்டது. தக்காளி பொறுக்கிய கை அப்படியே நின்றது.

சிரிப்பக்கா முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். இன்னும் வயதானவராகத் தெரிந்தார். குவியலில் இருந்த வெங்காயத்தின் தோலை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாப்பத்தஞ்சு. இன்னைக்கு நாப்பத்தஞ்சு. எழுதிக்கோ."

எழுதினேன். உருளைக்கிழங்கு சொன்னார், எழுதினேன். எதிரே இருந்து முட்டைக்காரர், "ஒண்ணு எட்டரை. அபராதம் வந்தா வரட்டும்" என்றார். எண்ணெய்க்கடைக்காரர் மட்டும் டப்பாவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். சிரிப்பக்கா இங்கிருந்தே ஒரு சத்தம் போட்டார். "யோவ், என்ன டப்பாவைப் போட்டு அந்தத் தேய் தேய்க்கறே? விலையைச் சொல்லுய்யா!" சொன்னார். முனகிக்கொண்டேதான் சொன்னார், ஆனால் உள்ளதைச் சொன்னார்.

எங்கள் ஊர் கோட்டைத் தாண்டியது. தசமம் என் மேசைக்கு வந்து, "தாண்டிட்டோம்மா" என்று கைகுலுக்கினார். ஊர் திணறுகிறது என்று நிரூபித்ததற்குக் கைகுலுக்கல். அதுவும் ஒரு வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. அண்ணி கத்தவில்லை, அழவில்லை. சின்னவள் மாடிக்கு வந்து, "அத்தை, அம்மா இனிமே உங்ககூடப் பேசமாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே பேசவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பட்டறையில் யார்யாரோ அண்ணியின் பையில் ரொட்டியும் பழமும் திணித்தார்களாம். அத்தனையையும் அவரவர் மெஷின் மேல் திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் என்னிடம், "எனக்குக்கூடத் தெரியாதேடி" என்றார்.

ஒருநாள் கீழே அண்ணி அண்ணனிடம் சொல்வது கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். "கூடம் தொறந்தா எனக்கென்ன? தங்கத்துல தட்டு வச்சாலும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன். எல்லாரோடயும் ஒருத்தியா நிக்கலாம்னு இருந்தேன். இப்பப் போனா, 'அந்தா பாரு, பட்டினி கிடந்தவ வந்துட்டா'ன்னு கை காட்டுவாங்க."

நான் படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். கூடம் ஊருக்குத் திறக்கப் போகிறது. ஊரில் யாருக்காக நான் வாயைத் திறந்தேனோ, அவர் ஒருவருக்கு மட்டும் அதன் வாசலை நானே அடைத்துவிட்டேன். ஊருக்கு நல்லது செய்தேன் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். தேறவில்லை. ஊர் என் அண்ணி இல்லை.

பழைய பேருந்துப் பணிமனையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சாப்பாட்டுக்கூடம் ஆக்கினார்கள். திறந்த அன்று மதியம் தெருவில் எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் போனார்கள். பட்டறைக்கும் அன்று விடுமுறை. அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கீழே போய் என்ன சொல்வது?

அப்போது வாசலில் சிரிப்பக்கா வந்து நின்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. கடையை இந்த நேரத்தில் மூடுகிற ஆளும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழ்க்கதவைத் தட்டினார். அண்ணி திறந்தார்.

"சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகலாம் வா" என்றார் சிரிப்பக்கா.

"நான் வரலை. உங்க கடை வாசல்லதானே என் மானம் போச்சு."

"போனது என் கடையிலதானே? வா, சேந்து தேடுவோம்."

"விளையாடாதீங்க. எனக்குப் பசியில்லை."

"எனக்கு இருக்கு" என்றார் சிரிப்பக்கா.

அந்தக் குரலை நான் சந்தையில் கேட்டதே இல்லை. "நல்லதெல்லாம் விக்கறதுக்கு, அழுகினது எனக்கு. அதைச் சீவி எடுத்து வேகவச்சுத் தின்னுதான் இந்த வருஷத்தைத் தள்ளினேன். குவிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு காய் எடுத்துக் கடிச்சா அன்னைக்கு முதல் தேறாது. காய்கறிக்காரி பசியா இருக்கேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? சிரிப்பாங்க. அதான் நானே முன்னாடி சிரிச்சுடறேன். தனியாப் போய் அந்த வரிசையில நிக்க எனக்கு வெக்கமா இருக்கும்மா. எவ வருவா என்கூடன்னு யோசிச்சேன். உன் ஞாபகம்தான் வந்துச்சு."

அந்த வருஷம் முழுக்க நான் அவரிடம் வாங்கிய ஒவ்வொரு கிலோவும் நெஞ்சில் வந்து ஏறியது. இருபத்தெட்டு என்று சொல்லிச் சிரித்த வாய், வீட்டுக்குப் போய் அழுகலைத் தின்றிருக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

அண்ணி உள்ளே போனார். கதவு மூடிக்கொள்ளும் என்று பயந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "முந்தானையை ஒழுங்கா இழுத்து விடுங்க, மண்ணுல புரளுது" என்று சிரிப்பக்காவை அதட்டினார். இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன், திருடியைப்போல.

வரிசை பணிமனை வாசலைத் தாண்டித் தெரு வரை நின்றது. முட்டைக்காரர் இருந்தார். பட்டறைப் பெண்கள் இருந்தார்கள். பேருந்தில் பொரிந்தவர்கூட இருந்தார், என்னைப் பார்த்ததும் செருப்பு வாரைச் சரி செய்தார். அண்ணியும் சிரிப்பக்காவும் நடுவில் நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் இடையே மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அண்ணி ஒருதடவைகூடத் திரும்பவில்லை. வரிசை நகர நகர, தட்டு அடுக்கியிருந்த மேசைக்கு அண்ணி வந்துவிட்டார். ஒரு தட்டை எடுத்து சிரிப்பக்காவிடம் கொடுத்தார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொன்றை எடுத்து, இடையில் நின்றவர்களின் தலைக்கு மேலாக நீட்டினார்.

"உன்கூட நான் இன்னும் பேசலை. தட்டைப் புடி."

பிடித்தேன். கண்ணீர் தட்டில் விழுந்தது. முன்னால் நின்றவர் எனக்கு வழிவிட்டார்.

நீளமான பெஞ்சில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். அண்ணி முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிதானமாக, ஒன்றையும் சிந்தாமல், தட்டைச் சுத்தமாகச் சாப்பிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அண்ணி தட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க இன்னொரு கரண்டி போடுங்க" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.